மை வைத்த விரலைக் காட்டலாம், ஓட்டைக் காட்ட வேண்டாம்: தேர்தல் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். கல்லூரி கல்லூரியாக வந்து படிவம் 6 கொடுத்து, பட்டியலில் பெயர் சேர்க்க வைத்து, இயந்திரத்தைக் காட்டி, உறுதிமொழியும் எடுக்க வைக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணிக்கும் போகிறவன். உங்கள் வேலையில் கொஞ்சத்தை நானும் பார்க்கிறேன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஓட்டுப் போட வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வதில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பதினேழு முடிந்தவுடனே விண்ணப்பிக்கலாம், பதினெட்டு வயதைக் கணக்கிட ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு என்பதெல்லாம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கே தெரிகிறது. ஆனால் யாருக்குப் போட்டோம் என்பதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்று அவர்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. உங்கள் பேச்சிலும் அது ஒரு வரியில் போய்விடுகிறது.

2011 முதல் ஒவ்வொரு ஜனவரி 25-ஆம் தேதியும் எடுக்கும் வாக்காளர் உறுதிமொழியைப் பாருங்கள். மதம், இனம், சாதி, சமூகம், மொழி, வேறு எந்தத் தூண்டுதல் என்று எதற்கும் ஆட்பட மாட்டோம் என்கிறது. நல்லதுதான். முதல் ஓட்டுப் போடப்போகிற பத்தொன்பது வயதுப் பையனை உண்மையில் அழுத்துவது எது? அவனுக்குப் பணம் கொடுக்க யாரும் வருவதில்லை. வந்தாலும் வீட்டில் பெரியவர்கள் கையில்தான் போகும். அவனை அழுத்துவது ஹாஸ்டல் அறையில் கூடப் படுத்திருக்கிறவன், கிளாஸ் வாட்ஸ்அப் குரூப், தெருமுனையில் கூட நிற்கிற நாலு பேர். 'நம்ம செட்டு எல்லாரும் இவங்களுக்குத்தான், நீ என்னடா?' என்ற ஒரு கேள்வி போதும்.

எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. வருடத்துக்கு வருடம் சின்னம் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. ஒரு வகுப்பில் ஒரு கட்சியைச் சொல்லாதவன் 'பூமர்' ஆகிறான், அடுத்த வகுப்பில் அதே கட்சியைச் சொல்கிறவன் கேலிக்கு ஆளாகிறான். மீம் போடுவார்கள், ஸ்டேட்டஸில் ஜாடையாக எழுதுவார்கள், கிரிக்கெட் டீமில் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த வயதில் அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று அந்த வயதைத் தாண்டி வந்த எல்லோருக்கும் தெரியும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, வேட்பாளரோ அவர் தரப்போ வாக்காளரைச் சமூகத்திலிருந்து ஒதுக்கி வைப்பதாக மிரட்டினால் அது தேர்தல் முறைகேடு என்கிறது. சாதியை விட்டுத் தள்ளிவைப்பதாக மிரட்டுவதும் அதில் அடக்கம். 1951-இல் எழுதியவர்களுக்கு ஊர்விலக்கு எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தது. குரூப்பிலிருந்து நீக்குவதும் ஒரு வகை ஊர்விலக்குதான், ஆனால் அதற்குப் போலீஸிடம் போகச் சொல்ல முடியாது. போகவும் கூடாது. நண்பர்களின் கேலிக்கு வழக்குப் போடும் நாட்டில் யார் இருப்பார்கள்?

இந்த அழுத்தத்துக்குச் சட்டத்தைவிட நல்ல மருந்து, சாவடியில் யார் எதை அழுத்துகிறார்கள் என்று தெரியாமல் இயந்திரத்தைச் சுற்றி வைக்கும் மறைப்பு அட்டைதான்.

1950-களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் கூட உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள், பேசி வைத்தபடி ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் சோதனைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். பதிலைச் சொல்லாமல் தாளில் எழுதித் தரச் சொன்னபோதோ, கூட்டத்துக்கு ஒத்து ஊதுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. கண் எதிரே இருக்கும் கோட்டுக்கே இப்படி என்றால் கட்சிக்கு எப்படி இருக்கும்? அந்தத் தாள் செய்த வேலையைத்தான் நம் சாவடியில் மறைப்பு செய்கிறது.

அதனால்தான் விதிகளும் கடுமையாக இருக்கின்றன. தேர்தல் நடத்தை விதி 49எம்-இன்படி, எச்சரித்தும் கேட்காமல் ஓட்டின் ரகசியத்தைக் காக்க மறுப்பவரை ஓட்டுப் போட விடக்கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவின்படி, யாருக்கு வாக்களித்தாய் என்று ஒரு சாட்சியைக்கூடச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. நீதிமன்றமே வற்புறுத்த முடியாத கேள்வியை ரூம்மேட் வற்புறுத்துகிறான், பையனும் பதில் சொல்கிறான். இந்த 94-ஐ ஒரு போஸ்டரில் போட்டுக் கல்லூரி கேன்டீனில் ஒட்டினால் என்ன? 'நேர்மையாக வாக்களிப்போம்' என்று பத்து போஸ்டர் ஒட்டுவதைவிட அது ஒன்று உபயோகமாக இருக்கும்.

பணியில் இருக்கும்போது பார்க்கிறேன். இளவட்டங்கள் மூன்று நான்கு பேராகத்தான் வருவார்கள். ஒருவன் மறைப்புக்குள் போனதும் மற்றவர்களின் கண் அங்கேயே இருக்கும். பீப் சத்தம் கேட்கத் தாமதமானால், 'என்னடா யோசிக்கிற?' என்று ஒரு குரல் வரும். ஒரு பையன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: 'சார், அந்தச் சீட்டு வெளிய வருமா?' யாருக்குப் போட்டோம் என்று காட்டும் அந்த விவிபேட் சீட்டு ஏழு நொடி கண்ணாடிக்குள் தெரியும், பிறகு பெட்டிக்குள் விழுந்துவிடும், வெளியே வராது என்றேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி. பயிற்சியில் கேட்டு வைத்திருக்க வேண்டிய பதில் அவனுக்குச் சாவடி வாசலில்தான் கிடைத்தது.

கல்லூரியில் நீங்கள் நடத்தும் செயல்விளக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேடை மேல் மேசை, மேசை மேல் இயந்திரம், சுற்றிலும் கூட்டம். ஒரு மாணவி மாதிரிச் சின்னம் ஒன்றை அழுத்தினாள். பின்னால் நின்ற பையன், 'ஏய், எல்லாரும் முதல் பட்டனை அமுக்குறோம், நீ ஏன் மூணாவது?' என்றான். சிரிப்பு. அடுத்து வந்த நாலைந்து பேரும் முதல் பட்டனையே அழுத்தினார்கள். கட்சியே இல்லாத விளையாட்டுச் சின்னத்துக்கே இந்தக் கதி. மறைப்பே இல்லாமல் ஓட்டுப் போடப் பழக்கினால் ஓட்டு என்பது எல்லோரும் பார்க்கச் செய்கிற காரியம் என்றுதானே மனதில் பதியும்?

இளைஞர்கள் கூட்டமாகச் சேர்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்த மாநிலத்தில் அப்படிச் சொன்னால் வரலாறு தெரியாதவன் ஆகிவிடுவேன். 1965-இல் வீதிக்கு வந்த மாணவர்களில் பலருக்கு 1967-இல்கூட ஓட்டு கிடையாது. அப்போது வயது வரம்பு 21, அது 18 ஆனது 1989-இல்தான். ஆனாலும் அந்த 1967-இல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடியவர்களையும் நாம் பார்த்தோம். போராட்டத்தில் பக்கத்தில் நிற்கிறவன் தைரியம் தருகிறான். அதே பக்கத்தில் நிற்கிறவன் சாவடிக்குள்ளும் எட்டிப் பார்ப்பதுதான் எனக்கு ஒவ்வாதது. டீக்கடையில் நாள் முழுக்க கட்சி பேசட்டும், சண்டை போடட்டும், நண்பன் சொன்ன நல்ல காரணத்துக்காக மனதை மாற்றிக்கொள்ளட்டும். அப்புறம் தனியாக உள்ளே போகட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கெடுபிடி இரண்டு பக்கமும். வீட்டில் அப்பா சொன்ன சின்னம், கல்லூரியில் செட்டு சொன்ன சின்னம். அவர்களில் சிலர் எப்படிச் சமாளிக்கிறார்கள் தெரியுமா? வீட்டில் ஒரு தலையாட்டல், குரூப்பில் ஒரு தம்ஸ்அப், உள்ளே போய்த் தனக்குப் பிடித்தது. இதைப் பொய் என்று யாராவது சொன்னால் ஒப்ப மாட்டேன்.

இன்னொன்று, உங்கள் கையில் இல்லாத விஷயம்தான், ஆனாலும் மேலே சொல்லுங்கள். எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20-இல் சாவடி வாரியாக ஓட்டுகள் வெளியாகின்றன. ஒரு சாவடிக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர். சின்ன ஊரில் பையன்கள் அதை போனில் இறக்கி வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்: 'நம்ம தெருவுல இத்தனை வந்திருக்கணும், குறையுது, மாத்திப் போட்டது யாரு?' வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரங்களுக்கும் அப்படிக் கூட்டி எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. 2015-இல் சட்ட ஆணையத்தின் 255-ஆவது அறிக்கையும் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வந்தபாடில்லை.

செல்ஃபி பாயிண்ட் வைக்கிறீர்கள், வையுங்கள். மை வைத்த விரலோடு படம் எடுத்துப் போடட்டும், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பலகையிலேயே கீழே ஒரு வரி சேருங்கள்: 'யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.' குரூப்பில் நச்சரிக்கிறவனுக்கு அந்தப் பலகையின் படத்தையே பதிலாக அனுப்பிவிடலாம். நாம் கொடுக்கிற சாக்கு இருந்தால் பிள்ளைகளுக்குச் சௌகரியம்.

அடுத்த முறை எங்கள் கல்லூரிக்கு வரும்போது இயந்திரத்தோடு மறைப்பு அட்டையையும் எடுத்து வாருங்கள். ஒவ்வொருவராக உள்ளே விடுவோம், மற்றவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும், யார் எதை அழுத்தினார்கள் என்று கேட்பவனை வரிசையின் கடைசிக்கு அனுப்புவோம். நேரம் கொஞ்சம் கூடும், அதற்கு மதிய வகுப்பை நான் விட்டுத் தருகிறேன். அட்டை கைவசம் இல்லை என்றாலும் பரவாயில்லை. எங்கள் லேப் ஸ்டோரில் கம்ப்யூட்டர் வந்த பெரிய பெட்டிகள் கிடக்கின்றன, முந்தின நாள் சொன்னால் வெட்டி ஒட்டி வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர்