நோயாளியின் அழுக்கா, பிளேடின் கீறலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், "நம்மைப் போன்ற நாடுகளில் ஆபரேஷன் புண் சீழ் பிடிக்க நோயாளிகளின் சுத்தக்குறைவே முக்கியக் காரணம்" என்று ஒரு வரி. ஆபரேஷன் தியேட்டரிலேயே காலம் கழித்த செவிலி நான். அந்த வரியைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. வேளைக்கு வேளை குளிக்கும் ஊர்க்காரர்களைப் பற்றியா இப்படி எழுதினீர்கள்?

பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் வித்தியாசம் இருப்பது உண்மை. 66 நாடுகளில் வயிறு, குடல் ஆபரேஷன் செய்த 12,539 பேரைப் பற்றி 2018-ல் வெளியான ஆய்வில், முன்னேறிய நாடுகளில் நூற்றுக்கு 9 பேருக்கும், மிகப் பின்தங்கிய நாடுகளில் 23 பேருக்கும் புண்ணில் தொற்று வந்தது. அந்தப் பழியை நோயாளி தலையில் கட்டலாமா?

முந்தின நாள் ராத்திரியே வார்டில் பிளேடு போட்டு முடியை மழிக்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வரி உண்டா? கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் விடிவதற்குள் கிருமி பெருகிவிடும். பிளேடே கூடாது, முடியை அப்படியே விடுங்கள், எடுத்தே ஆகவேண்டுமானால் தோலைக் கீறாமல் முடியை மட்டும் வெட்டும் கிளிப்பர் கருவியால் வெட்டுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது.

ஆன்டிபயாடிக் ஊசியும் அப்படித்தான். கத்தி வைக்கும்போது மருந்து உடல் திசுக்களில் கலந்திருக்க வேண்டும். செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் என்றால் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டோஸ். தையல் போட்ட பிறகு, தொற்று இல்லாதவருக்குத் தடுப்புக்காக ஐந்து நாள் ஊசி தொடர்வதில் பயன் இல்லை. அதற்கான சீட்டோடு மெடிக்கல் ஸ்டோர் வாசலில் நிற்பது யார்? நீங்கள் குறை சொன்ன அதே குடும்பம்.

ஆபரேஷன் கருவி, துணிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், துணிப் பொதிக்கு 30 நிமிடம். துணி வைக்கும் உலோக டிரம்மில் நெருக்கித் திணித்தால் நீராவி நடுவில் போகாது. வெளியே ஒட்டிய டேப் கோடு கறுத்தால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள். பொதியின் நடுவில் வைத்த, நீராவி பட்டால் நிறம் மாறும் காட்டித்தாள்தான் சரியான சாட்சி. ஈரத்தோடு எடுத்த பொதியில் கிருமி துணி வழியாகவே ஊறி உள்ளே போகும். அதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.

செலவு குறைந்த வழியும் இருக்கிறது. இந்தியா உட்பட 7 நாடுகளில் 13,301 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. வயிற்றை மூடித் தைப்பதற்கு முன் தியேட்டர் குழு முழுவதும் கையுறையை மாற்றி, தனியாக எடுத்துவைத்த கருவிகளைப் பயன்படுத்தியதில், தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. குடலைத் தொட்ட கையுறையோடு தோலைத் தைக்காதே, அவ்வளவுதான்! கிருமிநாசினி பூசிய விலை கூடிய தையல் நூலை 2021-ல் இதே நாடுகளில் சோதித்தபோது, சாதாரண நூலைவிட அது மேலாகத் தெரியவில்லை.

எவரெஸ்ட் குழுவில் போன டாக்டர் சாமர்வெல் நெய்யூரில் கத்தி பிடித்த கன்னியாகுமரி மாவட்டம் இது. அவர் மலையேறியதை ஆண்டுதோறும் எழுதுகிறீர்கள். தியேட்டருக்குள் நடப்பதை எழுத இடமில்லை.

அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். அதோடு, "ஆபரேஷனுக்கு முன் வீட்டில் நீங்களாக மழிக்காதீர்கள், ஊசி எப்போது போடுவார்கள் என்று கேளுங்கள்" என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் செவிலி,
தக்கலை