கடல் உள்வாங்கும் ஊருக்கு

ஹாம்பர்க்,
15.02.2026

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். உங்கள் நலமறிய ஆவல்.

அம்மா, நேற்றுப் போனில் நீ கேட்டது இரவு முழுவதும் மனதிலேயே நின்றது. "கடல் உள்வாங்குகிற ஊருக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாய். 2004 டிசம்பரைக் கண்ட எவருக்கும் அந்தக் கேள்விதான் முதலில் வரும். போனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பா, இதை நிதானமாக அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அன்று கடலைப் பின்னால் இழுத்தது நிலநடுக்கம். இங்கே வடகடலை இழுப்பது நிலவு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இழுப்பு அதிகம் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் கரையிலும் ஓதம் உண்டு, ஆனால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நாம் போகப்போகும் கரையில் அது மூன்று மீட்டரை எட்டும். கடலடியோ தாம்பாளம்போல் தட்டை. ஆகவே தண்ணீர் இறங்கும்போது கிலோமீட்டர் கணக்கில் சேற்றுமணல் வெளியே வந்துவிடுகிறது. வாட்டன்மேர் என்று இதற்குப் பெயர். 2009-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் கப்பல் போகும்.

போன வருடம் இது தெரியாமல் ஒரு நாள் கரைக்குப் போய்விட்டோம். உங்கள் பேத்தி நீச்சல் உடையில், கையில் வாளியோடு, தண்ணீர் எங்கே என்று கேட்டு அழுதாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் குனிந்து, மணலில் நூல் சுருள்போலக் கிடந்த சிறு குவியல்களைக் காட்டினார். மண்ணுக்குள் வாழும் புழு மணலைத் தின்று வெளியே தள்ளியது அது. அப்புறம் அவள் அழவில்லை. கணுக்கால் சேற்றில் மூன்று மணி நேரம் குவியல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றே முடிவு செய்தேன், உங்கள் இருவரையும் இங்கே அழைத்து வர வேண்டும் என்று.

இந்தக் கரையில் விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் புரட்டுவது ஓத அட்டவணையை. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிடம். இன்று காலை பத்து மணிக்குக் கடல் இறங்கினால் நாளை பத்து ஐம்பதுக்கு. அப்பா, நாற்பது வருடம் ரயில்வே கால அட்டவணையோடு வாழ்ந்தவருக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது என்று உங்கள் மாப்பிள்ளை சொல்கிறார். ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆம்ரும் என்ற தீவில் வீடு பார்த்திருக்கிறோம். ஹாம்பர்க்கின் ஆல்டோனா நிலையத்தில் ரயில் ஏறினால் இட்ஸஹோ, ஹைடே, ஹூஸும் வழியாக நீபூல். ஹைடேக்கு முன்பே கீல் கால்வாயைத் தாண்ட வேண்டும். ஹொக்டொன் பாலம், 1920-இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடல் கப்பல்கள் அடியில் போக வேண்டுமே, தண்ணீருக்கு மேல் 42 மீட்டர் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பாம்பன் பாலத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தூணாகச் சொல்லிக்கொண்டு வந்தீர்களே, இந்த முறை நான் உங்களுக்குச் சொல்வேன். நீபூலில் சிறிய ரயிலுக்கு மாற வேண்டும். அது டாகபூல் துறையில், படகுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா நடக்க வேண்டியதில்லை.

ரயிலுக்கு மாதம் 63 யூரோவில் ஒரு டிக்கெட் இருக்கிறது, நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களுக்குச் செல்லும். 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடித்துவிடுவார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். படகுக்குத் தனி டிக்கெட்.

அம்மாவின் முழங்கால் பற்றியும் யோசித்துவிட்டேன். இங்கே கடற்கரையில் ஸ்ட்ராண்ட்கோர்ப் என்று பிரம்பு நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். இருவர் உட்காரலாம், தலைக்கு மேல் கூரை, மூன்று பக்கமும் காற்றுக்கு மறைப்பு. 1882-இல் ரோஸ்டாக் நகரத்தில் வாத நோயால் அவதிப்பட்ட ஒரு பெண்மணி, கடற்கரையில் உட்கார ஆசைப்பட்டுக் கூடை முடைகிறவரிடம் செய்யச் சொல்லி வாங்கியதாம். அதைப் படித்ததும் உன் நினைவுதான் வந்தது. ஆகஸ்டிலும் காற்று குளிரும். வெயில் இருபது டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே இங்குள்ளவர்கள் கோடை என்பார்கள். உல்லன் சால்வையும் காதுக்கு மப்ளரும் கட்டாயம் எடுத்து வா. குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். மழைக் கோட்டு நான் வாங்கித் தருகிறேன்.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை, இந்தக் கரை ஆபத்தே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். 1362-இல் வந்த கடல்கோளில் ருங்ஹோல்ட் என்ற ஊரே மூழ்கிப்போனது. அதன் தேவாலயத்தின் அடித்தளத்தை 2023-இல்தான் சேற்றுக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவையெல்லாம் குளிர்காலப் புயல்கள். கோடையில் ஆபத்து வேறு விதம். ஓதம் திரும்பும்போது முதலில் நிரம்புவது நமக்குப் பின்னால் இருக்கும் ஓடைகள். முன்னால் மணல் உலர்ந்து கிடக்கும், திரும்பும் வழி அதற்குள் அடைபட்டுவிடும். அதனால் வழிகாட்டி இல்லாமல் நாங்கள் உள்ளே கால் வைப்பதில்லை. ஆம்ருமிலிருந்து பக்கத்துத் தீவான ஃபோருக்குச் சேற்றிலேயே எட்டு கிலோமீட்டர் நடந்து போவார்கள், வழிகாட்டி முன்னால் போவார். அப்பாவும் நானும் மட்டும் அதற்குப் போகிறோம். நீயும் பேத்தியும் கரையில் இருங்கள். அந்த நேரத்தில் துருவப் பகுதியிலிருந்து தெற்கே திரும்பும் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கி இரை பொறுக்கிக்கொண்டிருக்கும்.

இனி நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று. வீட்டைச் சனி முதல் சனி வரைதான் தருகிறார்கள். ஆகஸ்ட் 1 முதல் 8 வரை ஒன்று, 8 முதல் 15 வரை இன்னொன்று. முதல் வாரத்தில் தேய்பிறை அரைநிலவு, ஓதம் சற்று அடங்கியிருக்கும். இரண்டாவது வாரத்தில் 12-ஆம் தேதி அமாவாசை, அன்று சூரிய கிரகணமும் உண்டு. இங்கே மாலையில், சூரியன் கடலை நோக்கி இறங்கும் நேரத்தில் பெரும்பகுதி மறையும். அப்பா எதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அம்மா, கிரகணத்தன்று நீ வீட்டுக்குள்தான் இருப்பேன் என்றால் மேற்குப் பக்கம் ஜன்னல் உள்ள அறையை உனக்கு ஒதுக்கமாட்டேன். சொல், உன் விருப்பம்தான்.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், காலம் வந்துவிட்டது. இருவருடைய பாஸ்போர்ட் நகலையும் அனுப்புங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், அதற்கான பணத்தை நான் கட்டிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசிவரை இரண்டு வாரங்களையும் நமக்காக விட்டுவைத்திருக்கிறார். கடிதம் கிடைத்த அன்றே எந்த வாரம் என்று போன் செய்யுங்கள். இந்த முறை அம்மா பேசட்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்