கூர்க்கன் சத்தைத் தண்ணீரில் எடுக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "கெமிக்கல் வேண்டாம், வேரின் சத்தைத் தண்ணீரில் மட்டும் எடுத்துத் தாருங்கள்" என்று பலர் கேட்கிறீர்கள். அதிமதுரத்துக்கு அது சரி. மருந்துக் கூர்க்கனுக்கு (கோலியஸ் என்ற மூலிகைச் செடி) சரிப்படாது.

அதிமதுரத்தின் இனிப்புச் சத்தான கிளிசிரைசின் தண்ணீரில் கரையும். ஒரு கிலோ வேருக்குப் பத்து லிட்டர் தண்ணீர், சிறிதளவு அம்மோனியா, 50 முதல் 55 டிகிரி சூடு போதும். 60-ஐத் தாண்டினால் வேரிலுள்ள மாவுச்சத்து கஞ்சியாகி வடிதுணியை அடைத்துவிடும். மாவாக அரைத்துப் போட்டாலும் அதே தொல்லைதான். சிறு துண்டுகளே நல்லது. பிறகு அமிலம் விட்டுப் படியவைக்கிறோம். மிஞ்சும் அமில நீரைச் சுண்ணாம்பு போட்டுச் சமன்செய்யாமல் வெளியே விட முடியாது. தண்ணீர் முறையிலும் கழிவு உண்டு.

கூர்க்கனிலுள்ள மருந்துச் சத்தான ஃபோர்ஸ்கோலின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். அதனால்தான் ஹெக்சேன், டொலுயீன் போன்ற பெட்ரோலியக் கரைப்பான்கள் புழக்கத்துக்கு வந்தன. மருந்துகளுக்கான சர்வதேச வழிகாட்டுதலின்படி, சத்தில் தங்கும் ஹெக்சேன் எச்சம் பத்து லட்சத்தில் 290 பங்கைத் தாண்டக்கூடாது. எத்தனால் என்ற ஆல்கஹாலுக்கு 5,000 வரை இடமுண்டு.

எத்தனாலில் எடுக்கும்போது அல்ட்ராசோனிக் (காதுக்குக் கேட்காத ஒலி) அதிர்வும் கொடுத்தால் ஊறும் நேரம் வெகுவாகக் குறையும். வேரில் இல்லாத சத்தை அது கொண்டுவந்துவிடாது. அதிர்வாலேயே கலவை சூடேறும், எனவே 50 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும். சக்கை நிறைய எத்தனாலைக் குடித்துவிடும். அதை வெற்றிடத்தில் மீட்டெடுக்காவிட்டால் பசுமை என்ற பேச்சுக்கே பொருளில்லை. தீப்பிடிக்கும் அபாயமும் இருக்கிறது.

இன்னொரு முறை, கரியமில வாயுவில் எடுப்பது. அந்த வாயு 31 டிகிரி சூட்டுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால் வாயுபோல் ஊடுருவி, திரவம்போல் கரைக்கும். கூர்க்கனுக்கு 250 பார் அளவுக்கு அழுத்தம் தேவை. அழுத்தத்தை இறக்கியதும் வாயு பிரிந்துவிடும், கரைப்பான் எச்சமே இராது. ஆனால் வேர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அழுத்தம் இறங்கும் வால்வில் பனிக்கட்டி உறைந்து அடைத்துக்கொள்ளும். பொடி மிக நைசானாலும் கெடுதல்தான்: வாயு ஒரே தடத்தில் ஓடி, சுற்றியுள்ள பொடியைத் தொடாமல் போய்விடும். அதிமதுரத்துக்கு இந்த முறை உதவாது, கிளிசிரைசின் இதில் கரையாது. பம்புக்கும் குளிரூட்டிக்கும் ஆகும் மின்சாரமே விலையை ஏற்றுகிறது. சிறிய ஆர்டர்களுக்கு எத்தனாலே எங்கள் பரிந்துரை.

ஆர்டரில் முறையின் பெயரை மட்டும் எழுதாமல், எந்தச் சத்து, எத்தனை சதவீதம் என்று குறிப்பிடுங்கள். யாரிடம் வாங்கினாலும் சத்தின் அளவைக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனை அறிக்கையையும் கரைப்பான் எச்ச அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
தயாரிப்புப் பிரிவு