கூட்டாத வளவு

ஸ்காபறோ, கனடா,
மே மாதம்

அன்பின் வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. தம்பியின் மகளுக்குக் கலியாணம் சரிவந்ததில் எங்களுக்குச் சரியான சந்தோசம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. இவருக்கு முழங்கால் வலிதான் இன்னும் போகவில்லை. ஆனாலும் படியிறங்கிப் பின்வளவுக்குப் போகாமல் இருக்கமாட்டார்.

முருங்கை வைத்தாயா என்று கேட்டிருந்தாய். சாடியில் வைத்து, குளிர் வந்ததும் வீட்டுக்குள் தூக்கிவைத்து வளர்க்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. மேப்பிள் மரத்தடியில் இந்த ஊர்க் காட்டுப்பூக்களைத்தான் வைத்திருக்கிறேன். இப்போது ட்ரில்லியம் பூத்திருக்கிறது. ஒன்ராறியோவின் மாகாணப் பூ அது; 1937இல் தெரிந்தெடுத்தார்கள். மாகாண அரசின் கடிதத் தலைப்பில் இருக்கும் மூன்றிதழ்ச் சின்னமும் இதுதான்.

எல்லாமே மூன்று மூன்று. தண்டின் உச்சியில் மூன்று இலை, அதற்கு மேலே பச்சையாக மூன்று புல்லிதழ், பிறகு வெள்ளை இதழ் மூன்று. வாடப்போகும் நேரத்தில் வெள்ளை மெல்ல மெல்ல ரோஸ் ஆகும். மேப்பிள் இலை விட்டு நிழல் மூடுவதற்குள் அவசரமாகப் பூத்துவிட்டு, காய்த்து, கோடை முடிகிற நேரம் மண்ணுக்கு மேலே ஒன்றும் இராது. சிவப்பு இனமும் ஒன்று வைத்திருக்கிறேன். அழகுதான், ஆனால் குனிந்து மணந்தால் அழுகிய இறைச்சி நாற்றம்! ஈக்களை அழைக்கத்தான் அந்த வாசம். பேரன் ஒருதரம் மூக்கை வைத்துப் பார்த்தான். இப்போது வீட்டுக்கு வருகிற பிள்ளைகளையெல்லாம் கூட்டிப்போய், நல்ல வாசம் என்று சொல்லி மணக்க விடுகிறான்.

நீயும் நானும் பழகிய தோட்டவேலைக்கு இது நேரெதிர், வசந்தி. விடிய எழும்பி முற்றம் கூட்டாவிட்டால் என் அம்மா என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும். இங்கே நான் ஒரு சருகையும் கூட்டுவதில்லை. இலையுதிர் காலத்தில் தெருவே சருகை வாரிக் கடதாசிப் பைகளில் நிரப்பி வாசலில் வைக்கும், லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் மரத்தடியில் மட்டும் அப்படியே கிடக்கும். இவருக்கு முழங்கால் ஏலாததால்தான் என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் வந்து, தாங்கள் வாரித் தரட்டுமா என்று கேட்டார்கள். பாவம், நல்ல சனங்கள்.

அந்தச் சருகு மக்கிய படையில்தான் விதை முளைக்கும். இதில் உனக்கு ஒரு சங்கடமான செய்தியும் உண்டு. மண்புழு உழவனின் நண்பன் என்று எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பித்திருப்பாய்? இந்தக் காடுகளுக்கு அது எதிரி. பனியுகத்தில் இந்த நிலம் முழுவதும் பனிப்பாறைக்குக் கீழே கிடந்தது. அதன் பிறகு எழும்பிய காடுகள் மண்புழு இல்லாமலே வளர்ந்தவை. இப்போது இருக்கும் புழுக்கள் பெரும்பாலும் ஐரோப்பியர் கொண்டுவந்த செடிகளின் மண்ணோடு வந்து, பிறகு தூண்டில்காரர் எறிந்த மிச்ச இரைப்புழுக்களாலும் பரவியவை. சருகு மக்கிச் சேர முன்னரே தின்று முடித்துவிடுகின்றன. வெறுந்தரையில் இளஞ்செடி தப்புவது கஷ்டம். தோட்டம் வேறு, காடு வேறு. உன் பாடம் பிழையில்லை, பென்சனைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

எறும்புதான் ட்ரில்லியத்துக்கு உதவி. விதையின் ஒரு பக்கத்தில் கொழுப்பாகச் சின்னச் சதை ஒன்று ஒட்டியிருக்கும். போன வருசம் காய் பழுத்துப் பிரிந்தபோது குந்தியிருந்து பார்த்தேன். ஓர் எறும்பு அந்தச் சதையில் கவ்வி, விதையைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு குச்சி குறுக்கே வந்ததும் விட்டுவிட்டுச் சுற்றிவந்து மறுபடி கவ்வியது. புற்றில் சதையைத் தின்றுவிட்டு விதையைத் தன் குப்பையில் எறிந்துவிடும். பிறகென்ன, நல்ல பசளை.

விதை அனுப்பு என்கிறாய். யாழ்ப்பாணத்தில் சரிவராது. விதை காய்ந்தால் கெட்டுவிடும், அதோடு அதற்குக் குளிர் வேண்டும். முதல் குளிர்காலம் கழிந்தால் மண்ணுக்குள் வேர் மட்டும் விடும். இரண்டாவதும் கழிந்த பிறகுதான் ஓர் இலை வெளியே வரும். பூக்க ஏழெட்டு வருசம், சிலவேளை அதற்கும் மேலே. அவ்வளவு காலம் வளர்க்க யாருக்குப் பொறுமை? காட்டில் கிண்டி எடுத்து விற்கிறவர்களும் உண்டு. மலிவாகக் கிடைத்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வரும். எங்கே, எப்படி வளர்த்தது என்று சொல்லத் தெரிந்த கடையில்தான் கன்று வாங்கினேன்.

பறிக்கவும் விடமாட்டேன். பூவோடு மூன்று இலையும் கழன்று வந்தால் கிழங்குக்கு அந்த வருசம் சாப்பாடு இல்லை. சாமிக்கு ஒன்று பறித்தால் என்ன என்று மாமி கேட்டார். கடையில் வாங்கின பூ போதும் என்றேன். கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை, பிறகு சரியாகிவிட்டார்.

அப்புறம், ஆவணியில் கலியாணத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். ட்ரில்லியத்துக்கு அந்த நேரம் காவல் தேவையில்லை. இவருடைய தக்காளிக்குத் தண்ணீர் விடத்தான் ஆள் பிடிக்கவேண்டும். புழுக்கொடியல் இருந்தால் எடுத்து வை.

அன்புடன்,
மலர்