என் கணவரை மறுபடி மறுபடி காசநோய்க் கொட்டகையில் உட்கார வைப்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: நோயாளியின் மனைவி, ரயில்வே கேட் கீழத்தெரு
பெறுநர்: உயர்திரு இணை இயக்குநர் (நலப்பணிகள்) அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையைக் குறைதீர் கூட்டத்திலும் பதிவுத் தபாலிலும் ஏற்கெனவே கொடுத்துள்ளேன். ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை.

1. என் கணவருக்கு வயது 38. நோய் பிரைமரி சிலியரி டிஸ்கினீசியா. மூச்சுக்குழாயிலிருந்து சளியை மேலே தள்ள வேண்டிய குறு இழைகள் பிறவியிலேயே சரியாக அசையாது. இது தொற்றாது. மருத்துவக் கல்லூரியில் சோதித்து எழுதித் தந்த சீட்டை இணைத்துள்ளேன்.

2. பிறந்த மறுநாளே மூச்சுத்திணறலாம். அன்றிலிருந்து சளி இருமல், வருடம் முழுக்க மூக்கடைப்பு, காதில் சீழ். இப்போது ஒரு காது மந்தம். இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இடம் வலம் மாறியிருக்கும். இவருக்கும் இதயம் வலப்பக்கம். எக்ஸ்ரே எடுப்பவர் ஃபிலிமைத் திருப்பிவிட்டோம் என்று நினைத்து மறுபடி எடுக்கிறார். ஈ.சி.ஜி.யில் ஒயர் மாறிவிட்டது என்கிறார்கள். "அவருக்கு இதயமே அந்தப் பக்கம் சிஸ்டர்" என்றால் சிரிக்கிறார்கள். (எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கும் இதுவே காரணம், விந்தணுவின் வாலும் அதே அமைப்புத்தான். அது தெரியும்வரை பழி என் மேல் இருந்தது. சரி, அது வேறு கதை.)

3. ஐயா, தங்கள் கார் நிற்கும் வேப்பமரத்துக்கு எதிரே உள்ள தகரக் கொட்டகை தங்களுக்குத் தெரியும். சளிப் பரிசோதனைக்கு வந்தவர்கள் உட்காரும் இடம். இவருக்குக் காலையில் கிண்ணம் கிண்ணமாகப் பச்சைச் சளி வரும். ஓ.பி. வரிசையில் இருமினாலே, முகத்தைக்கூடப் பார்க்காமல் "கொட்டகைக்குப் போ" என்கிறார்கள். பக்கத்தில் உண்மையிலேயே காசநோய் உள்ளவர்கள். சளியை வெளியேற்ற முடியாத நுரையீரலோடு இருப்பவரை அங்கே மணிக்கணக்கில் உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்? ரிசல்ட் எப்போதும் நெகட்டிவ்தான். அப்படியும் ஒருமுறை ஆறு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் சிவப்பாய்ப் போனதுதான் மிச்சம். தெருவில் இன்னும் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிக்கிறார்கள்.

சி.டி. ஃபிலிமை யாராவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களா? காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் பிடிக்கும். இவருக்கு மேல்பகுதி ஏறக்குறைய நன்றாகவே இருக்கிறது. நுரையீரலின் பிரிவுகளான மடல்களில், நடு மடலிலும் கீழ் மடல்களிலும்தான் மூச்சுக்குழாய்கள் விரிந்து, சுவர் தடித்து, சளி அடைத்துக் கிடக்கிறது. மற்றவர்களுக்கு வலப்பக்கம் இருக்கும் அந்த நடு மடலும் இவருக்கு இடப்பக்கம். ஓரங்களில் துளிர்விட்ட கிளைபோலப் புள்ளிகள் தெரிந்தவுடன் டி.பி. என்கிறார்கள், சிறு குழாய்களில் சளி அடைத்தாலும் அப்படித்தான் தெரியுமாம். நெற்றி எலும்புக்குள் இருக்க வேண்டிய காற்றறை (சைனஸ்) வளரவே இல்லை, இதுவும் இந்தப் பிறவி நோயில் காணப்படுவதுதான். எல்லாம் ரிப்போர்ட்டில் அச்சடித்தே இருக்கிறது ஐயா, படிக்கத்தான் ஆளில்லை.

4. சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் சளியை டப்பாவில் கொண்டுவந்து தருகிறோம். கொட்டகை வேண்டாம்.

5. கடைசியாகச் சளியில் வளர்ந்தது சூடோமோனாஸ் கிருமி. கிடைக்கிற மாத்திரைக்கெல்லாம் அது அடங்காது. கல்ச்சர் (சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்த்து மருந்து, சளி வெளியேற்றும் பிசியோதெரபி, உப்புநீர் நெபுலைசர், இவ்வளவுதான் கேட்கிறோம்.

இவருடைய ஓ.பி. சீட்டின் தலைப்பில் "இதயம் வலப்பக்கம், பிறவி நோய், கொட்டகைக்கு அனுப்ப வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுத உத்தரவிடுங்கள். எழுத எவ்வளவு நேரமாகும்? தயவுசெய்து கொட்டகைக்கு மட்டும் அனுப்ப வேண்டாம் ஐயா. பதிலை இந்த முறையாவது எழுத்தில் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)