பேக் தூக்கியவர்களுக்கும் புல் பார்த்தவர்களுக்கும் எங்கள் நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

கோல்ஃப் ஆடுகிறவரின் மட்டைப் பேக்கைத் தூக்கிக் கூடவே நடக்கிற கெடிமாருக்கும், மைதானத்துப் புல்லைப் பார்க்கிற அக்காமாருக்கும் கடந்த சனிக்கிழமை நுவரெலியாவில் நாங்கள் நடத்திய பாராட்டு விழா நல்லபடியாக முடிந்தது. மழை வந்தது, கரண்ட் போனது, முக்கியமான நேரம் பார்த்து மைக் மக்கர் பண்ணியது. இதெல்லாம் இல்லாமல் நம்ம ஊரில் ஒரு விழாவா? வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனாலும் கை கொடுத்தவர்களுக்கும் விழாக் குழுவின் சார்பில் நன்றி எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். மடல் கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்ல வேண்டிய ஆட்கள் நிறைய.

முதலில், எதற்காக இந்த விழா என்று கேட்டவர்களுக்கு. இலங்கையில் கோல்ஃப் வெகு காலமாக ஆடப்படுகிறது. கொழும்புக் கழகம் 1879இல் தொடங்கியது, 1928இல் "ரோயல்" பட்டம் பெற்றது. இலங்கை அமெச்சூர் சாம்பியன்ஷிப் 1891இல் தொடங்கியது, அதுவும் நுவரெலியாவில். வென்றவர்களுடைய பெயர்கள் பலகைகளில் இருக்கின்றன. இருக்கட்டும், அவர்கள் வென்றார்கள். ஆனால் அந்தப் புல்லில் அவர்களோடு ஒவ்வொரு அடியும் நடந்தவர்கள் யார் என்று எந்தப் பலகையிலும் இல்லை.

கோல்ஃப் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கெடிதான் வைத்துக்கொள்ளலாம். தனியாள் போட்டியில், "இந்த அடிக்கு எந்த மட்டை எடுக்கட்டும்?" என்று அவர் வாய்விட்டுக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அந்தக் கெடிதான். கூட ஆடுகிறவரிடம் கேட்டால் தண்டம். கெடி விதியை மீறினாலும் தண்டம் விளையாடுபவர் தலையில்தான் விழும். அவ்வளவு நெருங்கிய வேலை இது. ஆனால் ஸ்கோர் அட்டையில் கெடியின் பெயர் எழுத ஒரு கோடு கிடையாது. அந்தக் கோட்டை நாங்களே போட்டுக்கொள்வோம் என்றுதான் இந்த விழா.

அன்று மாலை முதலில் பொன்னாடை போர்த்தியது எங்கள் மூத்த கெடிக்கு. அவர் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், வந்தவர்களுக்கு யாரென்று தெரியும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்து, பள்ளிக்கூடம் விட்டதும் பந்து பார்க்கிற வேலைக்குப் போனவர். பந்து பார்ப்பது என்றால், முன்னால் போய் நின்று, அடித்த பந்து ரஃபுக்குள், அதாவது ஓரத்து நீளப் புல்லுக்குள், எங்கே விழுந்தது என்று கண்ணால் பிடித்து வைப்பது. இப்போதைய விதிப்படி தேடுவதற்கு 3 நிமிடம்தான். 2019க்கு முன்னால் 5 நிமிடம் இருந்தது. "எனக்கு ரெண்டுமே தேவைப்படல" என்றார். அதைப் பெருமையாகக்கூடச் சொல்லவில்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு, பந்து தூரம் போகும். கொழும்பில் 150 யார் (கெஜம்) போகிற ஐயன், அதாவது இரும்புத் தலை மட்டை அடி, இங்கே சுமாராக 10 யார் கூடவே போகும். கொழும்பிலிருந்து வருகிற நல்ல ஆட்டக்காரர்கள் முதல் நாள் கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, தாண்டி அடித்துவிட்டு முழிப்பது அதனால்தான். அப்புறம் இன்னொன்று இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் காற்று அடர்த்தி, பந்தும் விறைப்பு. அப்போது அந்தக் கூடுதல் தூரத்தில் பாதி காணாமல் போய்விடும். காலை ஏழு மணிக்கு ஒரு மட்டை, பத்து மணிக்கு வேறு மட்டை. இதைப் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொள்ளலாம். எங்கள் ஆட்கள் காலடியில் படித்தார்கள்.

விழா நடந்த பாடசாலை மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பொன்னாடை போர்த்திய பிறகு, ஒரு பொடியன் விளையாட்டாக ஒரு பட்டரையும் (பந்தைத் தட்டி உருட்டுகிற மட்டை) பந்தையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். இவர் உடனே அடிக்கவில்லை. சீமெந்துத் தரையில் குனிந்து உட்கார்ந்து, கதவுப் பக்கமிருந்து ஒரு தரம் பார்த்தார், மேடைப் பக்கமிருந்து ஒரு தரம் பார்த்தார். "கடைசியில இடப்பக்கம் விழும், தண்ணி கழுவி விட்ட தரைல்ல" என்றார். தட்டினார். பந்து நேராகப் போய், வாசலுக்கு இரண்டடி முன்னால் மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. கழுவிய தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று மேசன் வைத்த வாட்டம் அது. அந்தப் பாடசாலையிலேயே படித்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

இடி மின்னலைப் பற்றியும் அவர் ஒரு கதை சொன்னார். 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்ற யானை வேட்டைக்கார வெள்ளைக்காரரின் கல்லறை நம்ம கோல்ஃப் மைதானத்தை ஒட்டித்தான் இருக்கிறது. செத்த பிறகும் அந்தக் கல்லறை மேலேயே இடி விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். ஆகவே பின்னேரம் வானம் உறுமினால் எங்கள் கெடிமாருக்குக் கூடுதல் மரியாதை வந்துவிடும். ஒரு நாள் துரை ஒருவர் "இன்னும் ரெண்டு ஹோல்தானே" என்றாராம். இவர் பதில் பேசாமல் பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு க்ளப் ஹவுஸைப் பார்த்து நடந்துவிட்டாராம். மட்டை இல்லாமல் துரை என்ன செய்வார்? பின்னாலேயே வந்தாராம்.

அடுத்து கிரீன் பார்க்கிற அக்காமார். இவர்களைக் கூப்பிட வேண்டும் என்று குழுவில் பேச்சு வந்தபோது ஒரு சிலர் தயங்கினார்கள். "அது தோட்ட வேலை மாதிரித்தானே, விளையாட்டுக்கு என்ன சம்பந்தம்?" என்றார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கிரீன் புல்லை ஒரு சில மில்லிமீட்டர் உயரத்தில் வைத்திருக்க வேண்டும். அதில் ஒரு களை தலை தூக்கினாலும் பந்து துள்ளும். அதைக் குந்தியிருந்து, சின்னக் கத்தியால், வேர் அறாமல் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பவர்கள் இவர்கள். விடியும் முன்னே நீளமான மூங்கிலை எடுத்துக் கிரீன் மேல் வீசிப் பனித்துளியைத் தட்டிவிடுவார்கள். ஈரம் புல்லில் அப்படியே நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு நாளில் கிரீன் முழுக்க வட்ட வட்டமாகக் கருகிவிடும்.

தை மாசி மாதங்களில் நம்ம பக்கம் சில விடியல்களில் தரை வெள்ளையாகக் கிடக்கும், தெரியும்தானே. தேயிலைக் கொழுந்து கருகும் அதே உறைபனிதான். அப்போது கிரீன் மேல் ஒருவர் நடந்தால், உறைந்த புல்லின் உள்ளே இருக்கிற நீர் நொறுங்கி, வெயில் ஏறியதும் காலடி கறுப்பாகத் தெரியும். நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால் வெயில் விழுந்து பனி உருகும் வரை ஆட்களை நிறுத்தி வைக்க வேண்டும். காரில் வந்து இறங்கி அவசரப்படுகிறவர்களை, தலையில் கம்பளி முக்காடு போட்ட ஒரு அக்கா "கொஞ்சம் பொறுங்க சேர்" என்று நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். சேரும் நின்றார்.

மேடையில் பேசச் சொன்னபோது அந்த அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பந்து எங்க போகும்னு எனக்குத் தெரியாது, புல்லு எங்க வரும்னு தெரியும்." மண்டபம் முழுக்கக் கைதட்டல். தயங்கிய அந்த ஒரு சிலரும் தட்டினார்கள், பார்த்தேன்.

மட்டைகளுக்கு க்ரிப், அதாவது கைப்பிடி ரப்பர், மாற்றித் தருகிற அண்ணனுக்கும் நன்றி. பழைய ரப்பரைக் கத்தியால் கீறி எடுத்து, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் சுற்றி, தின்னர் ஊற்றி வழுக்கவிட்டுப் புது ரப்பரைச் செருகும் வேலையை, பொடியன்களுக்கு அவர் காசு வாங்காமல் செய்கிறார். பெரியவர்களின் பழைய மட்டையை வெட்டிச் சிறுசாக்கினால் தண்டு விறைத்துப்போகும், பிள்ளைகளுக்கு அது நல்லதில்லை என்று சண்டை பிடித்து, பிள்ளைகளுக்கென்றே செய்த மட்டைகளைத் தேடிப் பிடித்துத் தந்தவரும் அவர்தான்.

கண்டிப் பக்கத்துத் திகனையிலிருந்து வந்தவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில், டொனல்ட் ஸ்டீல் வடிவமைத்த அந்த மைதானம் நம்ம நுவரெலியாவுக்கு நேர் எதிர். இங்கே நெருக்கமும் குளிரும், அங்கே விரிவும் வெயிலும். ஏற்ற இறக்கத்தில் பேக் தூக்கி நடக்கிறவர்களின் முழங்காலை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. விடிவதற்குள் கிளம்பி, ரம்பொடை வளைவுகளில் மூடுபனியோடு மல்லுக்கட்டி, இரண்டு வான் நிறைய வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் சிங்களச் சகோதரர்கள். மேடைப் பேச்சு முழுவதையும் அவர்களுக்காக உடனுக்குடன் சிங்களத்தில் சொன்ன தங்கச்சிக்கு இந்த மடலில் ஒரு தனி வணக்கம். பேச்சாளர்களைவிட அவர் நன்றாகப் பேசினார் என்பது என் அபிப்பிராயம்.

தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பற்றியும் அன்று பேசினோம். விழா அவர்களுக்காக இல்லையென்றாலும் பேசாமல் இருக்க முடியவில்லை. நந்தசேன பெரேரா, அவர் மகன் மிதுன் பெரேரா, அனுர ரோஹண, தங்கராஜா, பிரபாகரன்: இவர்கள் இந்தியாவிலும் மற்ற ஆசிய நாடுகளிலும் போய்ப் பணப்பரிசுப் போட்டிகளில் ஆடி, இலங்கைக் கொடியை ஸ்கோர் பலகையில் ஏற்றியவர்கள். அந்தப் பட்டியலில் தங்கராஜா என்ற பெயரைப் பத்திரிகையில் பார்க்கிறபோது நம்ம லயத்துப் பொடியன்களுக்கு என்ன தோன்றும் என்று நான் எழுதத் தேவையில்லை. பங்களாதேஷில் கெடியாக வேலை செய்து வளர்ந்த சித்திகூர் ரஹ்மான் 2016இல் ரியோ ஒலிம்பிக் வரை போன கதையையும் ஒரு ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சொன்னார். நல்ல கதை. ஆனால் ஒலிம்பிக் போகாத கெடிக்கும் மாதச் சம்பளம், சேமலாப நிதி, காயம்பட்டால் மருந்துச் செலவு எல்லாம் வேண்டும் என்பதையும் அதே மேடையில் ஒரு தம்பி எழுந்து சொன்னான். அவனுக்கும் நன்றி. விழாவில் இதைப் பேசலாமா என்று முகம் சுளித்தவர்களுக்கு, வேறு எங்கே பேசுவது என்பதுதான் என் கேள்வி.

பெயர் தேடியவர்களுக்குத்தான் எங்கள் பெரிய கடன். பழைய கெடிமாரின் பெயர் எங்கேயும் ஒழுங்காக இல்லை. வீடு வீடாகப் போய், நரைத்த தலைகளைக் கேட்டு, கொப்பியில் எழுதினார்கள் எங்கள் இளைஞர்கள். பாதிப் பெயர்கள் ஒரு இடத்தில் வந்து அறுந்தன. தோட்டத் தமிழர்கள் பலரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறிப் போனவர்கள் அவர்கள். "அவன் போயிட்டான், எங்க இருக்கானோ" என்ற பதிலையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அப்படிப் போன குடும்பம் ஒன்று தமிழ்நாட்டு நீலகிரிப் பக்கம் கோத்தகிரியில் இருப்பது சொந்தக்காரர் மூலம் தெரிந்தது. அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அரைக்கால் சட்டை போட்ட ஏழெட்டுப் பேர் ஒரு மரத்தடியில் வரிசையாக நிற்கிறார்கள், ஆளுக்கொரு பேக். ஒருவர் மட்டும் செருப்புப் போட்டிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கி மண்டபத்தில் வைத்தோம். மூன்று பேரை அடையாளம் கண்டுவிட்டார்கள். செருப்புப் போட்டவர் யார் என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது. அந்தக் கோத்தகிரித் தம்பிக்கு, கடல் தாண்டி, எங்கள் அன்பு.

இனி சுருக்கமாக. தருவதாக ஒப்புக்கொண்ட ஒரு மண்டபம் விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் கைவிரித்தது. அப்போது யோசிக்காமல் கதவைத் திறந்த பாடசாலை அதிபருக்கும், மேசை கதிரை தூக்கிய மாணவர்களுக்கும் நன்றி. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் ரொட்டியும் கட்டச் சம்பலும் குறையாமல் பார்த்துக்கொண்ட மாதர் குழுவினருக்கு நன்றி. கரண்ட் போன நேரத்தில் லொறியின் ஹெட்லைட்டை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்த டிரைவர் மாமாவுக்கு நன்றி. பொன்னாடையைக் கடனுக்குக் கொடுத்து, பிறகு கடனையும் வேண்டாம் என்ற கடைக்காரருக்கு நன்றி. கழகங்களில் அன்றைய ஷிஃப்ட்டை மாற்றித் தந்து ஆட்களை அனுப்பிவைத்த மேற்பார்வையாளர்களுக்கும் நன்றி. அது இல்லாவிட்டால் பாராட்டப்பட வேண்டியவர்களே வந்திருக்க முடியாது.

செலவு போக மிச்சமான பணத்தில் பொடியன்களுக்குக் கையுறையும் மழைச் சப்பாத்தும் வாங்குவதாகக் குழு முடிவு செய்திருக்கிறது. கணக்குக் கொப்பி பொருளாளர் அக்காவிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விழாப் படங்கள் பிரின்ட் போட்டாயிற்று. கெடிமாருடையவை கெடி ஷெட்டில், அக்காமாருடையவை பாடசாலை அலுவலகத்தில். திகனைக்காரர்களுடைய கவர் அடுத்த வாரம் வானில் வரும். கோத்தகிரிப் படத்தின் பிரதியும் ஷெட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சித்திரைச் சீசன் கூட்டம் தொடங்கும் முன்னே அழைத்து வந்து காட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
விழாக் குழுவின் சார்பில்,
ஒரு பழைய கெடியின் மகன்
நுவரெலியா