காமாலைக்குப் பிலிரூபின் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லீரல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடி, கொழுப்பு, காமாலை எல்லாம் இருந்தது. ஆனால் ரத்தம் உறைவதற்கும் கல்லீரல்தான் வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடம் லேபில் வேலை பார்த்தவள் நான்; அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனசு வரவில்லை.

தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரர். மகனுக்குக் காமாலை. காமாலையில் ரத்தத்தில் கூடும் மஞ்சள் பொருளான பிலிரூபின் 14இலிருந்து 11க்கு வந்ததும் "இறங்கிட்டு, இனி பயமில்ல" என்று ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். பேச்சோடு பேச்சாக, பல் தேய்த்தால் பையனுக்கு ஈறில் ரத்தம் நிற்க மாட்டேன் என்கிறது, பிரஷ் சரியில்லை போல என்றார். எனக்குப் பகீரென்றது. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் பி.டி. டெஸ்ட்டையும், அதை நார்மலோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஐ.என்.ஆர். எண்ணையும் அன்றே எடுக்கச் சொன்னேன். 1 இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். 2.8. ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான்.

பிலிரூபின், பழைய சிவப்பணுக்கள் உடைந்து வரும் கழிவு. ஆனால் ரத்தம் உறைய வேண்டிய ஃபைப்ரினோஜன், புரோத்ராம்பின் (இதுதான் 2ஆம் காரணி), 5, 7, 9, 10ஆம் உறைதல் காரணிகள் எல்லாம் கல்லீரல் செல்கள் தாங்களே செய்து ரத்தத்தில் விடும் புரதங்கள். இதில் 7ஆம் காரணி சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். அதனால் கல்லீரல் படுத்தால் ஓரிரு நாளில் பி.டி. காட்டிக்கொடுத்துவிடும். ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் கல்லீரல் செய்வதுதான், ஆனால் அது பாதியாகவே சுமார் 20 நாள் ஆகும். 'ஆல்புமின் நார்மல்' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

பித்தநாளம் அடைத்தாலும் பி.டி. கூடும். பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது. அது இல்லாமல் 2, 7, 9, 10ஆம் காரணிகள் வேலைக்கு ஆகாது. அப்போது டாக்டர்கள் கே ஊசி போட்டுப் பார்ப்பார்கள். மறுநாள் ஐ.என்.ஆர். இறங்கினால் சரி. இறங்கவில்லை என்றால் கல்லீரல் செல்களிலேயே கோளாறு இருக்கலாம்.

யாரையும் பயமுறுத்தவோ கீழாநெல்லியைக் குறை சொல்லவோ இதை எழுதவில்லை. காமாலை வந்தவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆனால் நிறைய லேப்களில் எல்.எஃப்.டி. (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு) என்றால் பி.டி. அதில் சேராது, தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு நீல மூடி போட்ட குழாயில், கோடு வரை ரத்தம் எடுத்தார்களா என்றும் பாருங்கள். குறைவாக எடுத்தால் ரிப்போர்ட் தப்பாக வரும்.

- ஒரு வாசகி, தாராவி, மும்பை